நுகர்வோர் கேள்வி-பதில்: பழமையான கோயிலில் திருமணம்

மார்த்தாண்டம் வாசகி ஒருவர்: என் மகளின் திருமணத்தைக் கொச்சிக் கோட்டையிலுள்ள புனித பிரான்சிஸ் ஆலயத்தில் கத்தோலிக்க முறைப்படி நடத்தித் தருவதாகச் சொல்லி, ஒரு நிகழ்ச்சி ஏற்பாட்டு நிறுவனம் எண்பதாயிரம் ரூபாய் முன்பணம் வாங்கியது. அங்கே கத்தோலிக்கத் திருமணம் நடக்காது என்று எங்கள் பங்குத்தந்தை சொல்கிறார். பணத்தைத் திருப்பிக் கேட்டால், முன்பணம் திருப்பித் தரப்படாது என்று ரசீதில் அச்சிட்டிருப்பதைக் காட்டுகிறார்கள்.

பதில்: அம்மா, உங்கள் பங்குத்தந்தை சொல்வது சரி. போர்ச்சுகீசியர் 1503-இல் எழுப்பிய அந்த ஆலயம் 1663-இல் டச்சுக்காரரிடமும் பிறகு ஆங்கிலேயரிடமும் போய், இன்று தென்னிந்தியத் திருச்சபை எனும் புராட்டஸ்டன்ட் சபையிடம், அதாவது சி.எஸ்.ஐ.யிடம் இருக்கிறது. வாஸ்கோ ட காமாவை முதலில் அடக்கம் செய்த இடம் என்பதால் எல்லோரும் அதைக் கத்தோலிக்கக் கோயில் என்றே நினைத்துக்கொள்கிறார்கள். உங்களைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் திருமணம் நடத்தித் தருவதையே தொழிலாகக் கொண்டவருக்கு இது தெரியாமல் இருக்கக் கூடாது.

நீங்கள் மனம் மாறிப் பதிவை ரத்து செய்யவில்லை. தர முடியாத ஒன்றைத் தருவதாகச் சொல்லி அவர்கள் பணம் வாங்கியிருக்கிறார்கள். ஆகவே ரசீதின் அடியில் உள்ள அந்த ஒற்றை வரியைக் கண்டு அஞ்ச வேண்டாம். முதலில் பதிவுத் தபாலில் ஓர் அறிவிப்பு அனுப்புங்கள். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் புகாரைப் பதிவு செய்யுங்கள். அதற்கும் அசையவில்லை என்றால் நாகர்கோவிலிலுள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குச் செல்லுங்கள். நிறுவனம் கொச்சியில் இருந்தாலும், 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடரலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணமும் இல்லை. இரண்டு ஆண்டுகளுக்குள் தொடர வேண்டும். மனுவில் சேவைக் குறைபாடு, முறையற்ற வணிக நடைமுறை என்றே எழுதுங்கள். முறையற்ற ஒப்பந்தம் என்று எழுதினால் வழக்கு மாநில ஆணையத்துக்குப் போய்விடும்.

கொச்சிக் கோட்டையில்தான் நடக்க வேண்டும் என்றால், சற்றுத் தொலைவிலேயே சாந்தா குரூஸ் பேராலயம் இருக்கிறது. அது கத்தோலிக்கருடையது.

களியக்காவிளை வாசகர்: நாங்கள் லத்தீன் கத்தோலிக்கர். திருவிதாங்கோடு அரப்பள்ளி மிகவும் பழமையானது என்கிறார்களே, அங்கே திருமணம் வைக்கலாமா?

பதில்: முடியாது, அது கத்தோலிக்கம் அல்லாத மலங்கர ஆர்த்தடாக்ஸ் சபையின் ஆலயம்.

நாகர்கோவில் இளைஞர்: டிசம்பர் முதல் வாரத்தில் எனக்குத் திருமணம். மண்டபம், புகைப்படக்காரர், சமையல் எல்லாவற்றுக்கும் பணம் கட்டியாயிற்று. படத்தில் அழகாக விழும், அர்த்தமும் உள்ள ஒரு பழைய கோயிலைச் சொல்லுங்கள்.

பதில்: தம்பி, சோற்றுக்கும் படத்துக்கும் பணம் கட்டிவிட்டுக் கடைசியில் கோயிலைத் தேடுகிறீர்கள். இந்த வரிசையைத் தலைகீழாக்குங்கள் என்று இப்பகுதியில் எத்தனை முறை எழுதினாலும், அடுத்த வாரமே இப்படி ஒரு கடிதம் வந்து நிற்கிறது. கத்தோலிக்கத் திருமணம் மணமகன் அல்லது மணமகளின் பங்கில் நடப்பதே திருச்சபைச் சட்டம். வேறு கோயில் வேண்டுமானால் உங்கள் பங்குத்தந்தையின் அனுமதியும், அந்தக் கோயிலின் பங்குத்தந்தையின் சம்மதமும் வேண்டும். ஞானஸ்நானச் சான்றிதழ், திருமணத் தயாரிப்பு வகுப்பு, கோயிலில் மண அறிவிப்புச் செய்யும் ஓலை வாசிப்பு என்று அதற்கு முன் முடிக்க வேண்டியவையும் உள்ளன. இவை எதையும் மண்டபக்காரர் உங்களிடம் சொல்லியிருக்க மாட்டார். தேதி குறித்ததும் அவர் வேலை முடிந்துவிட்டது. டிசம்பர் முதல் வாரம் கிறிஸ்துமஸுக்கு முந்தைய தயாரிப்புக் காலமான திருவருகைக்காலத்தில் விழும். பல பங்குகளில் அப்போது திருமணம் வைப்பதில்லை. கோட்டாறு சவேரியார் கோயிலிலோ டிசம்பர் 3 வரை திருவிழாக் கூட்டம்.

அர்த்தம் என்றால் என்னவென்று நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். 2022-இல் புனிதராக அறிவிக்கப்பட்ட தேவசகாயம் பிள்ளை துறவியல்லர். மனைவியோடு வாழ்ந்த இல்லறத்தார். அவர் 1745-இல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்றார். மனைவியும் திருமறையில் சேர்ந்து ஞானப்பூ என்ற பெயர் பெற்றார். 1752-இல் காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்ட அவருடைய உடல் கோட்டாறு கோயிலில் அடக்கம் செய்யப்பட்டது. மணமக்கள் நிற்பதற்கு இதைவிடப் பொருத்தமான இடம் எனக்குத் தோன்றவில்லை. வடக்கன்குளத்துக்கு வேறொரு வரலாறும் உண்டு. அங்கே ஒரே பீடத்தை நோக்கிச் சாதிக்கொன்றாக இரண்டு கூடங்களைக் கட்டி, நடுவில் சுவர் எழுப்பியிருந்தார்கள். பின்னர் அந்தச் சுவர் இடிக்கப்பட்டது. இதெல்லாம் படத்தில் விழாது.

படத்துக்காகச் செய்யும் செலவை நானும் அறிவேன். என் மகள் திருமணத்துக்குக் கோயில் முகப்பில் மல்லிகைத் தோரணம் என்று பேசிப் பணம் வாங்கியவர், விடியற்காலையில் நெகிழிப் பூவைக் கம்பியில் கட்டிவிட்டுப் போய்விட்டார். கோயில்பிள்ளை பூசைக்கு முன் அதை அவிழ்த்து மணிக்கூண்டுக்கு அடியில் குவித்தார். பில் கேட்டபோது, இந்தத் தொழிலில் பில் கிடையாது என்றார்கள். கேட்டும் பில் தராமல் இருப்பது இன்றைய சட்டப்படி முறையற்ற வணிக நடைமுறை.

இன்று மாலையே உங்கள் பங்குத்தந்தையைப் போய்ப் பாருங்கள். தேதி மாறினால் மண்டபப் பணத்தில் எவ்வளவு திரும்பும் என்பதை எழுத்தில் வாங்குங்கள்.

பாறசாலை வாசகி: நான் சீரோ மலங்கரை, அதாவது கீழை வழிபாட்டு முறைக் கத்தோலிக்கர்; மணமகன் லத்தீன் கத்தோலிக்கர். அவருடைய அண்ணன் திருத்தொண்டராக, அதாவது குருவுக்கு அடுத்த கீழ்நிலைத் திருப்பணியாளராக இருக்கிறார். முளகுமூடு கோயிலில் அவரே எங்கள் திருமணத்தை நடத்தி வைக்கலாமா?

பதில்: கூடாது அம்மா. மணமக்களில் ஒருவர் கீழைத் திருச்சபையைச் சேர்ந்தவரானாலும் குருவின் ஆசீர் கட்டாயம். திருத்தொண்டர் நடத்தினால் அத்திருமணம் செல்லாது என்பதை 2016-இல் ரோமை தெளிவுபடுத்திவிட்டது. அண்ணன் நற்செய்தி வாசிக்கட்டும். மற்றபடி அது மணமகனின் சொந்தப் பங்கு என்றால் இடத்துக்குத் தடையில்லை. உங்கள் பங்கிலிருந்து தடையின்மைச் சான்று மட்டும் வாங்கிக்கொள்ளுங்கள்.

கொல்லங்கோடு வாசகர்: கோயிலுக்கு வாடகை எவ்வளவு கேட்பார்கள்?

பதில்: வாடகை மண்டபத்துக்குத்தான். கோயிலுக்குரிய காணிக்கையைப் பங்கு அலுவலகத்தில் நேரில் கட்டி, முத்திரையிட்ட ரசீது வாங்குங்கள். அலங்காரக்காரர் தன் பில்லில் கோயில் கட்டணம் என்று ஒரு தொகையைச் சேர்த்திருந்தால் அதை அடித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.