15 வயசில திருப்பி அனுப்பின பெடியன்

அண்ணை, உங்கட மெசேஜ ரெண்டு தரம் வாசிச்சனான். மகனுக்கு 15 வயசு, ஸ்கீ கிளப்பில மேல் குறூப்புக்கு எடுக்கேல்ல, உடம்பு காணாது எண்டு ட்ரெயினர் சொல்லிப்போட்டார், பெடியன் கிம்னாசியம் (யூனிவேர்சிற்றிக்குப் போற பள்ளிக்கூடம்) வேண்டாம், லேர (கம்பனியில நிண்டு தொழில் பழகிறது) செய்துகொண்டு ஸ்கீ ஓடப்போறன் எண்டு நிக்கிறான், மனுசி அழுறா. இதுதானே?

நீங்கள் சுவிசுக்கு வந்தது 97 எண்டு எழுதியிருக்கிறீங்கள். அப்ப அடுத்த மாசியில நாகானோ ஒலிம்பிக்ஸ் டீவியில பாத்திருப்பீங்கள். டவுன்ஹில் எண்ட வேக ஸ்கீ ரேஸில ஒஸ்ட்ரியாக்காரர் ஹெர்மன் மையர் அந்தரத்தில பறந்துபோய் வேலி வலையளையும் பிச்சுக்கொண்டு பனிக்குள்ள விழுந்தவரெல்லோ, மூண்டு நாளால சூப்பர்-ஜி தங்கம், பேந்து இன்னும் மூண்டு நாளில ஜயன்ட் ஸ்லாலம் தங்கம், ரெண்டும் கம்பங்களைச் சுத்தி வளைஞ்சு இறங்கிற ரேஸ். எல்லாரும் அந்த விழுகையத்தான் கதைக்கிறவை. நான் சொல்ல வாறது அதுக்கு முந்தின கதை.

ஒஸ்ட்ரியாவில ஃப்ளாகவ் எண்ட ஊர்தான் அவருக்கு. தகப்பன் அங்க ஸ்கீ ஸ்கூல் நடத்தினவர். மகன ஷ்லாட்மிங்கில இருக்கிற ஸ்கீ பள்ளிக்கூடத்துக்கு அனுப்ப, 15 வயசில அவர் திரும்பி வீட்ட வந்திட்டார், உடம்பு வளரேல்ல, முழங்கால் நோ, உங்கட மகனுக்குச் சொன்ன அதே கதை. பேந்து என்ன செய்தவர் தெரியுமோ, மேசன் வேலை பழகினவர். கோடையில செங்கல் அடுக்கிறது, மாரியில தகப்பன்ட ஸ்கூலில ஆக்களுக்கு ஸ்கீ பழக்கிறது. இப்பிடியே வருசக்கணக்கா, அதுவும் ஒஸ்ட்ரியாவில, அங்க டீமுக்குள்ள போறதே குதிரைக் கொம்பு.

1996 தை 6ஆம் திகதி ஃப்ளாகவ்லயே வேர்ல்ட் கப் ஜயன்ட் ஸ்லாலம் வந்தது. ரேஸ் துவங்க முதல் பாதை சரியோ, நேரம் எடுக்கிற மெஷின் வேலை செய்யுதோ எண்டு பாக்க கொஞ்சப் பேர ஓட விடுவினம், அவையின்ர நேரம் கணக்கில வராது. அப்பிடி ஓடினதில ஒரு ஆள் இவர், வயசு 23. அவற்ற நேரத்த ரிசல்ட்டோட வச்சுப் பாத்தா 12ஆவது இடம்! அடுத்த மாசமே வேர்ல்ட் கப்பில இறக்கினவை, 98இல முழு சீசன் புள்ளியையும் கூட்டிக் குடுக்கிற மொத்த வேர்ல்ட் கப்பும் அவருக்குத்தான், அப்பிடி நாலு தரம், வெண்ட ரேஸ் 54.

இதக் கேட்டிட்டு என்ர மகனும் மையர் எண்டு நினைச்சுப்போடாதேங்கோ. அவரோட நிண்டு செங்கல் வச்ச ஆக்கள் மேசனாத்தான் இருந்திருப்பினம், அதுவும் சோறு போட்ட தொழில்தான். நீங்கள் கவனிக்க வேண்டியது அவர உள்ள எடுத்தது ட்ரெயினர்ட அபிப்பிராயம் இல்ல, மணிக்கூடு. அதால கிளப்பில போய் சண்டை பிடிக்காம போன ரெண்டு வருச ரிசல்ட் பேப்பர் எல்லாத்தையும் வாங்குங்கோ, ஒவ்வொரு ரேஸிலயும் முதல் வந்தவனுக்கும் இவனுக்கும் எத்தின செக்கன் எண்டு எழுதுங்கோ, அது குறைஞ்சுகொண்டு வருதோ கூடுதோ? கூடினா நானே பெடியனோட கதைக்கிறன். பிள்ளையள் டொக்டரிட்டயும் ஒருக்கா காட்டுங்கோ, கையில எக்ஸ்ரே எடுத்து எலும்பு வயசு பாப்பினம், 15 வயசுப் பெடியனுக்கு எலும்பு 13இல நிக்கிறதும் உண்டு, அப்பிடியெண்டா வளர்த்தி இனித்தான்.

லேர விசயம். ஊரில மேசன் எண்டா ஒரு மாதிரிப் பாப்பினம், அந்தக் கண்ணாலதான் நீங்களும் பாக்கிறீங்கள், கோவிக்காதேங்கோ. இஞ்ச லேரயோட பெரூஃப்ஸ்மத்தூரா எண்ட தொழில் சோதனையும் செய்தா ஃபாக்ஹோக்ஷூல எண்ட தொழில் சார்ந்த உயர்கல்விக்குப் போகலாம், கதவு ஒண்டும் பூட்டேல்ல. விளையாட்டுப் பிள்ளையளுக்கு ட்ரெயினிங் நேரம் விட்டுக் குடுக்கிற கம்பனியளுக்கு சுவிஸ் ஒலிம்பிக் ஒரு முத்திரை குடுக்குது, அப்பிடி ஒண்டாப் பாத்து எடுங்கோ, சிலது ஒரு வருசம் கூட இழுக்கும், பரவாயில்ல.

கைல ஒரு தொழில் பேப்பர் ஏன் வேணும் எண்டுறனெண்டா, அதே மையர் 2001 ஆவணியில மோட்டசைக்கிள் அடிபட்டு காலே போற நிலமை. 2002 ஒலிம்பிக்ஸ் இல்ல. 2003 தையில திரும்பி வந்து அந்த மாசமே கிட்ஸ்பியூல் எண்ட ஊரில நடந்த வேர்ல்ட் கப் ரேஸில வெண்டவர் தான், ஆனா எல்லாற்ற காலும் அப்பிடி மாறாது.

காசும் பேசோணும். ஸ்லாலமுக்கு ஒரு ஸ்கீ, ஜயன்டுக்கு வேற, கால் வளர பூட்ஸும் மாறும். வருசத்துக்கு இவ்வளவுதான் எண்டு மகன இருத்தி வச்சு அவனுக்கு முன்னாலயே எழுதுங்கோ, ஒளிக்க வேண்டாம்.

இப்ப ரெண்டு இடத்தில ஷ்னுப்பர்லேர (கொஞ்ச நாள் போய் வேலையப் பாத்துப் பழகிறது) போடச் சொல்லுங்கோ, ஒண்டு அவன் கேக்கிற தச்சு வேலை, மற்றது நீங்கள் விரும்பின ஒபிஸ் வேலை. ரெண்டும் முடிய மூண்டு பேருமா வாங்கோ, ரிசல்ட் பேப்பர மறக்காம கொண்டு வாங்கோ, மனுசியையும் கட்டாயம் கூட்டிக்கொண்டு வாங்கோ, போன முறை நீங்கள் மட்டும்தான் கதைச்சனீங்கள்.