இலைப் படத்தை நம்பி வாங்காதீர்கள்

கேள்வி: செல்லுலோஸ் நானோ இழை நுரையில் (தாவர நாரை மிக நுண்ணிய இழைகளாகப் பிரித்துச் செய்த நுரை) செய்த குளிர்பெட்டி வாங்கினேன். நாலே நாளில் உட்சுவர் ஊறித் தொய்ந்துவிட்டது. நான்தான் தண்ணீர் ஊற்றிவிட்டேன் என்கிறார் விற்றவர்.

பதில்: உங்கள் மேல் தவறே இல்லை. செல்லுலோஸ் தண்ணீரைக் கண்டால் விடாது. குளிர்ந்த பொருளை உள்ளே வைத்தால் சுவர் வியர்க்கும். அந்த ஈரமே போதும். நீர் விலக்கும் பூச்சு இல்லாத நுரை ஊறி, காயும்போது நுண்துளைகள் அமுங்கி ஒட்டிக்கொள்ளும். அம்மாவின் இன்சுலினுக்காக நானும் இப்படி ஒன்று வாங்கினேன். மூடி விளிம்பில் கட்டைவிரலை அழுத்தினேன். பள்ளம் விழுந்தது, எழவே இல்லை. ஈரம் தாங்காததைக் குளிர்பெட்டி என்று விற்றதே குற்றம். படத்தோடு எழுத்தில் புகார் கொடுங்கள், பணத்தைத் திருப்பிக் கேளுங்கள்.

கேள்வி: இந்த நுரையில் 99 சதவீதம் காற்றாம். காற்றுக்கா இவ்வளவு விலை?

பதில்: உலர்த்துவதற்கு. சும்மா காயவைத்தால் தண்ணீர் போகிற போக்கில் இழைகளை இழுத்து ஒட்டி, கெட்டித் தகடாக்கிவிடும். அதனால் உறையவைத்து, வெற்றிடத்தில் மணிக்கணக்கில் உலர்த்துகிறார்கள்.

கேள்வி: 'தாவரத்தால் ஆனது' என்று போட்டிருந்த பொதி நுரையைத் தோட்டத்தில் புதைத்தேன். ஒரு வருடமாக அப்படியே கிடக்கிறது.

பதில்: எனக்கு ரொம்ப நாளாக ஆறாத கோபம் இது. தாவரத்திலிருந்து வந்தது என்பது வேறு, மக்கும் என்பது வேறு. இழை தாவரம்தான், சரி. அதோடு கலந்த பாலிமர், அதாவது பிளாஸ்டிக் வகைப் பொருள், எது? பாலிவினைல் ஆல்கஹால் பெரும்பாலும் பெட்ரோலிய வழி வருவது. பாலிலாக்டிக் அமிலம் சோளத்திலிருந்தே வந்தாலும், 60 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடேறும் பெரிய உரக்கூடங்களில்தான் ஒழுங்காக மக்கும். தோட்டத்து மண்ணில் வருடக்கணக்கில் கிடக்கும். துளி இழை சேர்த்துவிட்டு அட்டை முழுக்கப் பச்சை இலை அச்சடிக்கிறார்கள். இழை எத்தனை சதவீதம், பாலிமரின் பெயர் என்ன, எங்கே எத்தனை நாளில் மக்கும்? இந்த மூன்றும் அட்டையில் இல்லையென்றால் வாங்காதீர்கள். உங்களை ஏமாற்றியிருக்கிறார்கள்.

கேள்வி: அடுப்புக்குப் பின்சுவரில் இந்த நுரைப் பலகையை ஒட்டலாமா?

பதில்: கூடாது. பஞ்சு போலப் பற்றும். தீத்தடுப்புச் சோதனைச் சான்று இருந்தால் மட்டும் யோசியுங்கள்.

கேள்வி: இந்த நுரையில் செய்த காலணி உள்தட்டு ஒரே வாரத்தில் தட்டையாகிவிட்டது. பில் வாங்கவில்லை, அட்டையையும் எறிந்துவிட்டேன். என்ன செய்யலாம்?

பதில்: எதைக் காட்டிக் கேட்பீர்கள்? பில்லை வைத்திருங்கள் என்று எத்தனை முறைதான் எழுதுவது! இணையத்தில் வாங்கியிருந்தால் ஆர்டர் விவரம் கணக்கில் இருக்கும். இன்றே எடுத்து வையுங்கள்.