உறக்கத்துக்கு இரு காதுத் துடிப்பொலி

கேள்வி: காலி வீதி இரைச்சலும் கடற்கரைப் புகையிரதமும் உறங்க விடுவதில்லை. ‘பைனோரல் பீட்ஸ்’ ஒலியை நானே கணினியில் உருவாக்க முடியுமா?
– வாசகி, வெள்ளவத்தை

பதில்: முடியும். இரு காதுகளுக்கும் சற்றே வேறுபட்ட சுருதியுள்ள இரண்டு ஒலிகளைத் தனித்தனியே கொடுத்தால், அவற்றின் வித்தியாசத்துக்கு ஏற்ப நமக்குக் கேட்கும் துடிப்பே இது. ஓடாசிட்டி என்னும் இலவச மென்பொருளில் 200 ஹேர்ட்ஸ் சைன் அலையை ஒரு தடத்திலும் 206 ஹேர்ட்ஸ் அலையை மற்றொரு தடத்திலும் உருவாக்கி, முதலாவதை முழுவதும் இடப்பக்கமும் அடுத்ததை முழுவதும் வலப்பக்கமும் தள்ளி, ஸ்டீரியோவாகவே சேமியுங்கள். மோனோவாகச் சேமித்தால் இரண்டும் காதுக்கு வருமுன்பே கலந்துவிடும். ஹெட்போன் கட்டாயம், ஏனெனில் இரண்டுக்குமான வித்தியாசமாகிய அந்த 6 ஹேர்ட்ஸ் துடிப்பு காற்றில் இருப்பதில்லை, இரு காதுகளின் செய்திகளும் சந்திக்கும் மூளைத்தண்டிலேயே பிறக்கிறது. அடிப்படை ஒலி 1000 ஹேர்ட்ஸைத் தாண்டினால் துடிப்பு மறைந்துவிடும் என்று உயிர் இயற்பியலாளர் ஜெரால்ட் ஒஸ்டர் 1973இலேயே எழுதியிருக்கிறார்.

வெறும் சைன் அலை, பழைய குளிர்சாதனப் பெட்டியின் முனகலைப் போல அலுப்பூட்டும். மெல்லிய மழையோசையை மூன்றாம் தடமாகச் சேர்த்தால் சகிக்கலாம். (உங்கள் வீட்டு இரைச்சலை உண்மையில் மறைக்கப்போவது அந்த மழைதான் என்பது என் எண்ணம்.) துடிப்பொலி உறக்கத்தை வரவழைக்குமா என்பதில் ஆய்வு முடிவுகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை. ஒலியளவைக் குறைத்தே வையுங்கள். வலிப்பு நோய் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இதில் இறங்கவேண்டாம்.