பேச்சு, மொழிக் குறைபாடுகள்: வாசகர் கேள்வி – பதில்

பேச்சுப் பயிற்சி, அதற்கான படிப்பு, ஆராய்ச்சி ஆகியவை பற்றி வாசகர்கள் எழுதிய கடிதங்களில் ஆறு கடிதங்களுக்கு இந்த இதழில் பதில் அளிக்கிறேன். ஒரே பொருளைப் பற்றிய கடிதங்களை ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன்.

நான் ப்ளஸ் டூ அறிவியல் பிரிவில் படிக்கிறேன். காது கேளாத என் தம்பியைப் பயிற்சிக்கு அழைத்துச் சென்று வந்ததில் இந்தப் பணியின்மேல் விருப்பம் ஏற்பட்டது. ஸ்பீச் தெரபிஸ்ட் ஆவதற்கு என்ன படிக்க வேண்டும்? – மாணவி, விருதுநகர்

பி.ஏ.எஸ்.எல்.பி. என்று சுருக்கமாக அழைக்கப்படும் இளநிலைப் பட்டம் படிக்க வேண்டும். காது கேட்கும் திறனைப் பற்றிய கேட்பியலையும் பேச்சு, மொழிக் குறைபாடுகளைப் பற்றிய பேச்சு-மொழி நோயியலையும் சேர்த்துக் கற்பிக்கும் நான்கு ஆண்டுப் படிப்பு அது. கடைசி ஆண்டு முழுவதும் நேரடிப் பயிற்சிக்கு உரியது. பல நாடுகளில் இவ்விரண்டும் தனித்தனித் தொழில்களாக இருக்க, நம் நாட்டில் இளநிலை வரை ஒரே பட்டமாக இருந்து முதுநிலையில்தான் இரண்டாகப் பிரிகின்றன. உங்கள் தம்பியைப் போன்ற குழந்தைகளுக்கு இந்த ஏற்பாடு நல்லது என்பது என் கருத்து. ஏனென்றால், கேட்கும் கருவியைப் பொருத்துவதில் உள்ள சிக்கலை அறியாத ஒருவரால் அந்தக் குழந்தைக்குப் பேச்சைச் சரியாகக் கற்பிக்க முடியாது.

நாட்டில் இத்துறையின் தாய்வீடு 1965இல் தொடங்கப்பட்ட மைசூரு அகில இந்திய பேச்சு மற்றும் கேட்டல் நிறுவனம். மத்திய சுகாதார அமைச்சகத்தின் கீழ் இயங்கும் அங்கே படிப்பு, சிகிச்சை, ஆராய்ச்சி மூன்றும் ஒரே வளாகத்தில் நடக்கின்றன. தமிழ்நாட்டில் சென்னை மருத்துவக் கல்லூரியிலும், போரூர் ஸ்ரீ ராமச்சந்திராவிலும், சென்னையை அடுத்த முட்டுக்காட்டில் 2005இல் அமைந்த பல்வகைக் குறைபாடுடையோருக்கான தேசிய நிறுவனத்திலும் இதைப் படிக்கலாம். சேரும் முன் அந்தக் கல்லூரியின் படிப்புக்கு, இத்துறைப் படிப்புகளை அங்கீகரிக்கும் இந்திய மறுவாழ்வு மன்றத்தின் நடப்பு ஒப்புதல் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். மருத்துவப் படிப்புக்கு அடுத்த படி என்று நினைத்துக்கொண்டு வரும் மாணவர்கள் முதல் ஆண்டிலேயே மொழியியலையும் ஒலியியலையும் கண்டு திகைத்துப்போகிறார்கள். நாவின் எந்தப் பகுதி அண்ணத்தில் எங்கே பட்டு எந்த ஒலி பிறக்கிறது என்பதைத் தொல்காப்பியம் பிறப்பியலில் விரிவாகச் சொல்லியிருந்தும், நம் பிள்ளைகளில் பெரும்பாலோர் அதைத் தேர்வுக்கான மனப்பாடமாகவே கடந்துவிட்டு, கல்லூரியில் ஆங்கிலப் பாடநூல் வழியாகத்தான் மறுபடி சந்திக்கிறார்கள்.

இணையவழியில் ஆறு மாதச் சான்றிதழ் படித்துவிட்டு வீட்டிலேயே பேச்சுப் பயிற்சி மையம் நடத்தலாமா? – இல்லத்தரசி, ஈரோடு

கூடாது. 1992ஆம் ஆண்டின் இந்திய மறுவாழ்வு மன்றச் சட்டப்படி, அங்கீகரிக்கப்பட்ட தகுதி பெற்று மத்திய மறுவாழ்வுப் பதிவேட்டில் பெயர் உள்ளவர்கள் மட்டுமே இத்தொழிலைச் செய்யலாம். மீறினால் ஓராண்டு வரை சிறைத் தண்டனைக்கு இடமுண்டு. அபராதத்தின் உச்சவரம்பு ஆயிரம் ரூபாய்தான் என்பதால் பலர் இந்தச் சட்டத்தைப் பொருட்படுத்துவதில்லை என்பது வேறு விஷயம். பெற்றோர்களும் பயிற்சியாளரின் பதிவு எண்ணைத் தயங்காமல் கேட்கலாம்.

நாலரை வயதாகும் என் மகன் "பழம்" என்பதைப் "பளம்" என்கிறான். பரிசோதித்த இடத்தில் "உச்சரிப்புக் குறைபாடு" என்று எழுதிக் கொடுத்தார்கள். ஆங்கிலத்திலிருந்து மொழிபெயர்த்த படிவத்தையும் பயன்படுத்தினார்கள். தமிழுக்கென்று சோதனைகள் கிடையாதா? – தந்தை, மதுரை

உங்கள் வீட்டில் மற்றவர்கள் எப்படிச் சொல்கிறார்கள் என்று அந்த இடத்தில் கேட்டார்களா? தமிழ்நாட்டின் பல பகுதிகளில் பேச்சு வழக்கில் ழகரம் ளகரமாகத்தான் ஒலிக்கிறது. சென்னையின் சில வட்டாரங்களில் அது யகரமாகவும் மாறும். தாயும் தந்தையும் "பளம்" என்று சொல்லும் வீட்டில் பிறந்த குழந்தை "பளம்" என்று சொன்னால், அவன் தன் மொழியைச் சரியாகக் கற்றிருக்கிறான் என்றுதான் பொருள். வட்டார வழக்கைக் குறைபாட்டிலிருந்து பிரித்தறிவது இத்துறையின் முதற்பாடம். அந்தப் பாடத்தைத் தமிழை வைத்து நடத்தாததால்தான் இத்தகைய அறிக்கைகள் எழுதப்படுகின்றன. குடும்பம் ழகரத்தைத் தெளிவாக ஒலிப்பதாகவே இருந்தாலும், நுனிநாவை உயர்த்தி அண்ணத்தை வருடிப் பிறக்கும் ஒலிகளான ரகரத்தையும் ழகரத்தையும் குழந்தைகள் பிந்தியே கைக்கொள்கிறார்கள். க, ப, ட, ம போன்ற ஒலிகளை விழுங்கிப் பேசினாலோ, அவன் பேசுவது வெளியாருக்குப் பெரும்பாலும் புரியாமல் இருந்தாலோ கவலைப்பட வேண்டும். அப்போது முதலில் செய்ய வேண்டியது காது கேட்கும் திறன் சோதனை.

படிவத்தைப் பற்றிய உங்கள் கேள்வி மிக முக்கியமானது. தமிழுக்குச் சோதனைகளே கிடையாது என்று சொல்லிவிட முடியாது. 1980களிலேயே மைசூருவில் முதுநிலை மாணவர்களின் ஆய்வேடுகளாகத் தமிழ் உச்சரிப்புச் சோதனை உருவாக்கப்பட்டது. பின்னரும் பல முயற்சிகள் நடந்திருக்கின்றன. ஆனால் முதுநிலை ஆய்வேடு என்பது குறுகிய காலத்துக்குள், பெரும்பாலும் ஒரே நகரத்தில், சில பள்ளிகளின் குழந்தைகளை வைத்து முடிக்கப்படுவது. மாணவர் பட்டம் பெற்றதும் அது நூலக அலமாரிக்குப் போய்விடும். ஒரு சோதனை நம்பகமானதாக ஆக வேண்டுமானால், வயதை ஆறு ஆறு மாதப் பிரிவுகளாக வகுத்து, ஒவ்வொரு பிரிவிலும் வெவ்வேறு வட்டாரங்களையும் வருவாய்ப் பிரிவுகளையும் சேர்ந்த ஏராளமான குழந்தைகளின் பேச்சைப் பதிவு செய்து, ஒரே பதிவை இருவர் தனித்தனியே எழுத்தாக்கி ஒப்பிட்டு, சில ஆண்டுகள் கழித்து மீண்டும் சரிபார்க்க வேண்டும். பல கல்லூரிகள் கூடிச் செய்ய வேண்டிய வேலை இது. தனி மாணவர் தலையில் கட்டக் கூடியதன்று.

அது நடக்காத இடத்தில் மொழிபெயர்ப்பு நுழைகிறது. ஆங்கிலச் சோதனையில் பன்மை விகுதிக்கு மதிப்பெண் உண்டு. படத்தில் இரண்டு நாய்களைக் காட்டினால் ஆங்கிலக் குழந்தை பன்மையைக் குறித்தே ஆக வேண்டும். நம் வீட்டுக் குழந்தையோ "ரெண்டு நாய் வந்துச்சு" என்று சொல்லும். பேச்சுத் தமிழில் அது முற்றிலும் சரி. மொழிபெயர்த்த படிவத்தில் அதற்கு மதிப்பெண் போய்விடும். மறுபுறம், வந்தான், வந்தாள், வந்துச்சு என்று வினையின் இறுதியிலேயே திணையையும் பாலையும் காட்டும் திறனை, நம் மொழியின் உயிர்நாடியான அதை, அந்தப் படிவம் சோதிப்பதே இல்லை. போதாக்குறைக்கு, சோதிப்பவர் "சிறுவன் என்ன செய்துகொண்டிருக்கிறான்?" என்று எழுத்துத் தமிழில் கேட்பார், பள்ளிக்கூடமே போகாத குழந்தை விழிக்கும், "புரிதல் குறைவு" என்று குறிப்பெழுதப்படும்.

உங்கள் மகனுக்கு இப்போது செய்யக்கூடியது, அவன் வீட்டில் இயல்பாக விளையாடிப் பேசுவதைப் பத்து நிமிடம் கைபேசியில் பதிவு செய்து, தமிழைத் தாய்மொழியாகக் கொண்ட ஒரு பேச்சு-மொழிச் சிகிச்சையாளரிடம் காட்டுவதுதான். தேர்ந்தவருக்கு அந்தப் பத்து நிமிடம் எந்தப் படிவத்தையும்விட அதிகம் சொல்லும்.

பக்கவாதத்துக்குப் பிறகு என் கணவருக்குப் பேச்சு போய்விட்டது. தமிழ், இந்தி, ஆங்கிலம் மூன்றும் அறிந்தவர். வங்கிப் பணிக்காக இருபது ஆண்டுகள் மும்பையில் இருந்தோம். எந்த மொழியில் பயிற்சி தர வேண்டும்? ஒரு வாக்கியம் பேச முடியாதவர் பழைய பாட்டைச் சொற்களோடு பாடுகிறாரே, அது எப்படி? – வாசகி, தஞ்சாவூர்

அவருக்கு வந்திருப்பது அஃபேசியா எனப்படும் பேச்சிழப்பு. மூளையின் மொழிப் பகுதி பாதிக்கப்பட்டதால் வருவது. அறிவு மங்கிவிட்டதாகக் கொள்ள வேண்டாம். 1861இல் பாரிஸ் மருத்துவர் பால் புரோக்கா, "டான்" என்ற ஓர் அசையை மட்டுமே சொல்ல முடிந்த நோயாளியின் மூளையில் இடப்பக்க முன்பகுதி சிதைந்திருந்ததைக் காட்டியதிலிருந்து இந்த ஆராய்ச்சி வளர்ந்தது. பாட்டுக்கு மூளையின் வலப்பக்கமும் துணை நிற்பதால் பேச்சை இழந்த சிலரால் பாட முடிகிறது. அதையே வழியாகக் கொண்டு, சொற்றொடர்களை ராகம்போல் இழுத்து, கையால் தட்டித் தட்டிச் சொல்ல வைக்கும் ஒரு பயிற்சி முறையை 1973இல் பாஸ்டன் ஆய்வாளர்கள் வகுத்தார்கள். அதன் ஏற்ற இறக்கங்கள் ஆங்கிலச் சொல்லழுத்தத்தைப் பின்பற்றியவை. தமிழின் நடை வேறு என்பதால் அப்படியே நகலெடுத்துச் செய்வதில் எனக்கு உடன்பாடில்லை. நம் நெடில், குறில் அளவுக்கு ஏற்ப அதை மாற்றிப் பார்க்கும் ஆய்வுகள் பெருக வேண்டும்.

மொழியைப் பற்றிய வாதம் பழையது. குழந்தைப் பருவத்தில் கற்ற மொழியே முதலில் மீளும் என்றார் பிரெஞ்சு உளவியலாளர் ரிபோ. நோய்க்கு முன் அதிகம் புழங்கிய மொழிதான் மீளும் என்று 1895இல் எழுதினார் பிரெஞ்சு மருத்துவர் பீத்ர். பிற்கால ஆய்வுகளில் பெரும்பாலோருக்கு எல்லா மொழிகளும் ஏறக்குறைய ஒன்றாகவே மீள்வது தெரியவந்தது. எனவே விதியைத் தேடாமல், மூன்று மொழிகளிலும் அவரைச் சோதித்து, இன்று அவர் யாரோடு எந்த மொழியில் பேச வேண்டியிருக்கிறது என்பதைக் கொண்டு முடிவு செய்யுங்கள். நீங்களும் பேரக் குழந்தைகளும் தமிழில் பேசும் வீட்டில் தமிழே முதலில் வரட்டும். எண்களை மட்டும் ஆங்கிலத்தில் சொல்ல வருகிறது என்றால் அதையும் தடுக்காதீர்கள். நிரந்தரமான பேச்சிழப்பு 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் பேச்சு மற்றும் மொழிக் குறைபாடு என்ற பெயரில் இடம்பெற்றிருப்பதால், அதற்கான சான்றிதழையும் கேட்டுப் பெறலாம்.

குழந்தையைத் "திக்குகிறாய்" என்று சொன்னால் திக்கல் வந்துவிடும் என்று ஓர் அமெரிக்க ஆராய்ச்சி நிரூபித்ததாகப் படித்தேன். உண்மையா? – ஆசிரியர், திருநெல்வேலி

அந்த ஆராய்ச்சி அதை நிரூபிக்கவில்லை. ஆனால் அது நடந்தது உண்மை. அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகம் 1920களிலிருந்தே திக்கல் ஆராய்ச்சிக்குப் பெயர்பெற்ற இடம். அங்கிருந்த வெண்டல் ஜான்சன், தாமே திக்கிப் பேசியவர். திக்கல் குழந்தையின் வாயில் அல்ல, அதைக் குறையாகக் கேட்கும் பெற்றோரின் காதில் தொடங்குகிறது என்னும் பொருள்படும் கொள்கையை உடையவர். அவருடைய மேற்பார்வையில் 1939இல் மேரி டியூடர் என்ற முதுநிலை மாணவி, டாவன்போர்ட் நகர அநாதை இல்லத்தில் 22 குழந்தைகளை வைத்து ஆய்வு செய்தார். சரளமாகப் பேசிக்கொண்டிருந்த ஆறு குழந்தைகளிடம், அவர்களுக்குத் திக்கலின் அறிகுறிகள் இருப்பதாகவும், சரியாகப் பேச முடிந்தால் மட்டுமே வாயைத் திறக்க வேண்டும் என்றும் சொல்லி வந்தார். அந்தக் குழந்தைகள் ஒடுங்கிப்போனார்கள், பேசவே கூச்சப்பட்டார்கள். ஆய்வேடு நூலகத்தில் கிடந்தது. 2001இல் ஒரு நாளிதழ் அதை வெளிக்கொண்டுவந்த பிறகு பல்கலைக்கழகம் மன்னிப்புக் கேட்டது; 2007இல் அயோவா மாநிலம் 9,25,000 டாலர் இழப்பீடு கொடுக்க ஒப்புக்கொண்டது.

பழைய தரவுகளை 2002இல் மீண்டும் ஆராய்ந்தவர்கள், அந்தக் குழந்தைகளுக்குத் திக்கல் உண்டாக்கப்பட்டது என்பதற்கு அவற்றில் சான்று இல்லை என்று காட்டினார்கள். திக்கலில் பரம்பரைக்குப் பெரும் பங்கு உண்டு. 2010இல் பாகிஸ்தானியக் குடும்பங்களை ஆராய்ந்தபோது அதோடு தொடர்புள்ள மரபணு மாற்றங்கள் கண்டறியப்பட்டன. சிறு வயதில் நூற்றுக்கு ஐந்து குழந்தைகளுக்கு வரும் திக்கல், பெரும்பாலோருக்குத் தானே மறைந்து, பெரியவர்களில் நூற்றுக்கு ஒருவரிடம் நிலைக்கிறது. எனவே உங்கள் வகுப்பில் திக்கிப் பேசும் மாணவர் இருந்தால், திக்கலை உண்டாக்கிவிடுவோமோ என்ற அச்சம் வேண்டாம். ஆனால் "மெதுவாகச் சொல், திருப்பிச் சொல்" என்று எல்லார் முன்னும் நிறுத்தி வைத்தால், டியூடரின் ஆறு குழந்தைகளுக்கு நேர்ந்தது அவருக்கும் நேரும்.

ஆய்வு செய்யும் மாணவர்களுக்கு இந்த வரலாற்றை நான் தவறாமல் சொல்வதுண்டு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017ஆம் ஆண்டு நெறிமுறைகளின்படி, பெற்றோரின் ஒப்புதலோடு ஏழு வயதுக்கு மேற்பட்ட குழந்தையின் இசைவையும் பெற வேண்டும். கையெழுத்து வாங்குவதோடு அது முடிந்துவிடுவதாகச் சிலர் நினைக்கிறார்கள். விடுதிக் குழந்தை "மாட்டேன்" என்று சொல்லும் நிலையில் உண்மையிலேயே இருக்கிறதா என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

இலங்கையில் இத்துறைக்கான படிப்பு உண்டா? தமிழகச் சோதனைப் படங்களை இங்கே பயன்படுத்தலாமா? – முன்பள்ளி ஆசிரியை, வவுனியா

படிப்பு உண்டு. களனிப் பல்கலைக்கழகத்தின் ராகமை மருத்துவ பீடத்தில் பேச்சு-மொழிச் சிகிச்சைக்கான பட்டப்படிப்பு நடத்தப்படுகிறது.

படங்களை அப்படியே பயன்படுத்த வேண்டாம். நாற்காலியின் படத்தைக் காட்டி நகரத்தையும் றகரத்தையும் சோதிக்க நினைப்பவரிடம் உங்கள் குழந்தை "கதிரை" என்று சொல்லும். சோதிக்க நினைத்த ஒலிகள் இரண்டுமே கிடைக்காது. "காற்று" என்பதைத் தமிழகத்துக் குழந்தை "காத்து" என்னும். யாழ்ப்பாண வழக்கில் அந்த றகர இரட்டிப்பு வேறாக ஒலிக்கிறது. ஆகவே உங்கள் முன்பள்ளிப் பிள்ளைகள் அன்றாடம் புழங்கும் சொற்களை ஒலிவாரியாக ஒரு கொப்பியில் எழுதி வாருங்கள். வயதையும் ஊரையும் பக்கத்தில் குறித்தால், அங்கே சோதனை உருவாக்க முன்வருபவருக்கு அந்தக் கொப்பி முதல் தரவாக அமையும்.