2005-ல் வாங்கிய சோனி டிஜிட்டல் கேமராவில் உள்ள படங்களைப் புது விண்டோஸ் 11 லேப்டாப்பில் ஏற்றுவது எப்படி?

நீங்கள் கேட்டிருப்பதைச் சுருக்கமாகச் சொன்னால் இதுதான்: சிங்கப்பூரில் வாங்கி வந்த சோனி சைபர்ஷாட், பென் டார்ச் பேட்டரி இரண்டு போடுகிற மாடல். பள்ளத்தூர் வீட்டில் நடந்த ஐயா ஆயாவின் (தாத்தா பாட்டியின்) சாந்திக் கல்யாண, அதாவது அறுபதாம் கல்யாணம் போல வயதான பிறகு செய்கிற கல்யாணத்தின், படங்கள் அதில் இருக்கின்றன. லேப்டாப்பில் கேபிளைச் செருகினால் ஒன்றும் வரவில்லை, சார்ஜ்கூட ஏறவில்லை. கூட வந்த சிடியைப் போட லேப்டாப்பில் வழியும் இல்லை.

கேபிளை விட்டுவிடுங்கள், சிடியையும் மறந்துவிடுங்கள். கேமராவின் அடியில் பேட்டரி மூடியைத் திறந்தால் பக்கத்திலேயே கார்டு இருக்கும், லேசாக அழுத்தினால் வெளியே வரும். அதை ஒரு கார்டு ரீடரில் போட்டு லேப்டாப்பில் செருகினால் பென் டிரைவ் மாதிரி திறக்கும், டிரைவர் எதுவும் தேவையில்லை. காரைக்குடியில் கம்ப்யூட்டர் சர்வீஸ் செய்கிறேன், இந்தப் பக்கத்து வீடுகளிலிருந்து பீரோவில் கிடந்த கேமராக்கள் என்னிடம் நிறைய வருகின்றன. கேமரா உயிரோடு இருக்கிறதா என்று பார்ப்பதற்கு முன்பே கார்டைத்தான் முதலில் எடுப்பேன். கேமரா செத்துப் போயிருந்தாலும் கார்டில் படம் பத்திரமாக இருக்கலாம்.

சார்ஜ் ஏறாததை நினைத்துக் கவலைப்பட வேண்டாம். பென் டார்ச் பேட்டரி போடும் அந்தக் காலத்துக் கேமராக்கள் யூஎஸ்பி வழியாகச் சார்ஜ் ஆகாது. அது பழுதில்லை.

ரீடர் வாங்கும்போதுதான் கவனம் வேண்டும். 2010-க்கு முன் வந்த சோனி கேமராக்கள் எஸ்டி கார்டு எடுக்காது, பெரும்பாலும் அவர்களுடைய சொந்த மெமரி ஸ்டிக்தான். இப்போது கடையில் கிடைக்கிற மலிவான ரீடர்கள் பலவற்றில் எஸ்டி, மைக்ரோ எஸ்டி மட்டும்தான் போகும். உங்கள் கார்டு 5 சென்டிமீட்டர் நீளம், சூயிங்கம் பட்டை மாதிரி இருந்தால் அது முழு மெமரி ஸ்டிக். 3 சென்டிமீட்டர்தான் என்றால் மெமரி ஸ்டிக் டூயோ. ஆன்லைனில் ஆல் இன் ஒன் ரீடர் என்று தேடி, படத்தில் எம்எஸ் என்று எழுதிய துளை இருக்கிறதா, மெமரி ஸ்டிக் ப்ரோ என்ற பிந்தைய ரகத்தையும் படிக்குமா என்று பார்த்து வாங்குங்கள், ஏனென்றால் மிகப் பழைய ரீடர்கள் சாதாரண மெமரி ஸ்டிக்கைப் படிக்கும், ப்ரோவைப் படிக்காது. வேறு யாராவது இதைப் படித்தால் அவர்களுக்கு: ஒலிம்பஸ், ஃபியூஜி என்றால் அது எக்ஸ்டி கார்டாக இருக்க வாய்ப்பு அதிகம், அதற்கும் தனித் துளை வேண்டும். புது லேப்டாப்பில் சின்ன சி டைப் ஓட்டை மட்டும் இருந்தால் ஒரு மாற்று முனையும் சேர்த்து வாங்கிக்கொள்ளுங்கள்.

செருகுவதற்கு முன்னால் கார்டின் பின்புறம் லாக் என்று ஒரு குட்டி நகர்த்தி இருக்கும், அதை லாக் பக்கம் தள்ளிவிடுங்கள். சில டூயோ கார்டில் இருக்காது, இருந்தால் தள்ளாமல் விடாதீர்கள். அப்புறம் யார் எதை அழுத்தினாலும் கார்டில் எதுவும் அழியாது. விண்டோஸ் இந்தக் கார்டில் பிரச்சினை இருக்கிறது, சரி செய்யவா என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். ஃபார்மேட் செய்தால்தான் திறக்க முடியும் என்று கேட்டால் கண்டிப்பாக கேன்சல். அந்த ஃபார்மேட் பொத்தானில்தான் நிறைய வீட்டுக் கல்யாணங்கள் போயிருக்கின்றன.

கார்டு திறந்ததும் டிசிஐஎம் என்று ஒரு ஃபோல்டர், அதற்குள் 100எம்எஸ்டிசிஎஃப் அல்லது 101எம்எஸ்டிசிஎஃப் என்று இன்னொன்று, அதில் டிஎஸ்சி என்று தொடங்கி ஐந்து இலக்க எண்ணோடு படங்கள் வரிசையாக இருக்கும். எல்லோரும் இதை மட்டும் எடுத்துவிட்டு மூடிவிடுகிறார்கள். அந்த வருடத்துச் சோனிகளில் வீடியோ பெரும்பாலும் அதே ஃபோல்டரில் எம்ஓவி என்று தொடங்கும் பெயரில் இருக்கும், அதற்கும் பழைய சோனிகளில் எம்எஸ்சோனி என்ற வேறொரு ஃபோல்டரில் இருக்கலாம். ஐயாவின் குரல் இருந்தால் அந்த வீடியோவில்தான் இருக்கும். அதனால் படம் படமாகத் தேர்ந்தெடுக்காமல், போட்டோஸ் ஆப் கேட்கிற இம்போர்ட்டையும் நம்பாமல், கார்டில் இருக்கிற எல்லாவற்றையும் அப்படியே செலக்ட் செய்து லேப்டாப்பில் ஒரு புது ஃபோல்டரில் காப்பி பேஸ்ட் செய்யுங்கள். கட் வேண்டாம், காப்பி. 5 மெகாபிக்சல் படம் ஒன்று 2 எம்பி சொச்சம்தான், கார்டு முழுக்க இருந்தாலும் இன்றைய கணக்கில் அது ஒரு இடமே இல்லை. காப்பி ஆனதும் இரண்டு பக்கமும் எத்தனை ஃபைல், எத்தனை எம்பி என்று பார்த்து ஒத்துப்போகிறதா என்று உறுதி செய்துகொள்ளுங்கள்.

கேமராவுக்குள்ளேயும் கொஞ்சம் படம் இருக்கலாம், இது பலருக்குத் தெரியாது. அந்த மாடல்கள் சிலவற்றில் 32 எம்பி போல உள் நினைவகம் உண்டு, கார்டு இல்லாமல் எடுத்த படங்கள் அதில் போய் உட்கார்ந்திருக்கும், கார்டு உள்ளே இருக்கும்வரை அவை கண்ணில் படாது. கார்டை எடுத்துவிட்டு நல்ல பேட்டரி போட்டுக் கேமராவில் படங்களைப் பாருங்கள். ஏதாவது இருந்தால் அதற்கு மட்டும் கேபிள் வேண்டும். கேபிளில் சார்ஜ் கம்பி மட்டும் உள்ளது, டேட்டாவும் போவது என்று இரண்டு ரகம் இருக்கிறது, உங்களுடையது முதல் ரகமாக இருந்தால் கம்ப்யூட்டருக்குக் கேமரா இருப்பதே தெரியாது. நல்ல கேபிளைப் போட்டு, கேமராவின் செட்டப்பில் யூஎஸ்பி கனெக்ட் என்ற இடத்தில் மாஸ் ஸ்டோரேஜ் என்று வைத்துப் பாருங்கள். பிடிபி என்று இருந்தாலும் வரும், ஆனால் டிரைவ் எழுத்தோடு வராமல் கேமரா படத்தோடு வரும். பேட்டரி அறையில் வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால், காது குடையும் பஞ்சில் துளி வினிகரோ எலுமிச்சைச் சாறோ தொட்டுத் துடைத்து, நன்றாகக் காய்ந்த பிறகு பேட்டரி போடுங்கள்.

தேதி தப்பாக இருக்கும், அதற்குத் தயாராக இருங்கள். பேட்டரியைக் கழற்றிக் கொஞ்ச நாள் வைத்தால் இந்தக் கேமராக்களின் கடிகாரம் ஆரம்பத்துக்குப் போய்விடும், அவசரத்தில் யாரும் திருத்த மாட்டார்கள். சரியாக இருந்தாலும் சிங்கப்பூர் நேரமாக இருக்கலாம், நமக்கு இரண்டரை மணி முன்னால். காலை 6.30 முகூர்த்தம் 9 மணி என்று காட்டும். படங்களைத் தேதி வாரியாக அடுக்காமல் பெயர் வாரியாக அடுக்குங்கள், எண் வரிசை பெரும்பாலும் எடுத்த வரிசைதான். மொத்தமாக நேரத்தை நகர்த்த எக்ஸிஃப்டூல் என்ற இலவச மென்பொருள் உண்டு, அதை நகலில் மட்டும் செய்யுங்கள்.

கார்டு திறக்கவே இல்லை, அல்லது காலியாகக் காட்டுகிறது என்றால் அதோடு முடிந்துவிட்டதாக நினைக்காதீர்கள். அந்தக் கார்டில் புதிதாக ஒரு படம்கூட எடுக்காமல், ஃபோட்டோரெக் என்ற இலவச மென்பொருளை ஓட்டி, மீட்கும் படங்களை லேப்டாப்பில் சேமியுங்கள். ஃபைல் பெயர்கள் போய்விடும், படம் நிறைய வந்துவிடும். ஆனால் தள்ளிப்போடாதீர்கள். கார்டில் படம் நிற்பது மின்னூட்டமாக, அது மெல்ல மெல்லக் கசியும், வெப்பத்தில் இன்னும் வேகமாக. நம் ஊர் வெயிலில் மாடி அறை பீரோ அதற்கு நல்ல இடமில்லை.

நம் ஊர்க்காரர் என்பதால் இன்னொன்றும் சொல்கிறேன். நம் செட்டிநாட்டு வீடுகள் பங்காளிகளுக்குள் பங்கு பிரியாமல் பூட்டிக் கிடந்து, ஒரு நாள் மொத்தமாக விலைபோகின்றன. தேக்குத் தூணும் நிலையும் காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் பழம்பொருள் கடை வாசலில் நிற்கின்றன. சென்ற மாதம் ஒருவருக்குக் கார்டிலிருந்து படங்களை எடுத்துக் கொடுத்தேன். அவர் மணமக்களைப் பார்க்கவே இல்லை, பின்னால் வீட்டின் இரண்டாம் கட்டு என்கிற உள்பகுதியில் தெரிந்த ஆத்தங்குடிக் கல் தரையையும், சுவரில் முட்டை கலந்த சுண்ணாம்புப் பூச்சின் பளபளப்பில் விழுந்திருந்த தூணின் நிழலையும் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார். அந்தக் கட்டு இப்போது இல்லை. அதனால் மங்கலான படம், யாரும் இல்லாத படம், தரையை மட்டும் எடுத்த படம், எதையும் அழிக்காதீர்கள்.

படங்களைப் பென் டிரைவில் போட்டு டிவியில் செருகுங்கள், ஆயா பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக ஓட்டுங்கள். யார், எந்த ஊர், எந்தக் கோவில், என்ன விலாசம் என்று அவர்கள் சொல்லச் சொல்ல, படத்தின் எண்ணைப் போட்டு ஒரு நோட்டில் எழுதுங்கள். ஃபைல் பெயரை மாற்ற வேண்டாம், எண் அப்படியே இருந்தால்தான் நோட்டும் படமும் பொருந்தும். சாந்திக்கு வந்த பெரியவர்களில் பாதிப் பேரின் முகம் உங்கள் தலைமுறைக்குத் தெரியாது, தெரிந்தவர்கள் இருக்கும்போதே கேட்டுவிடுங்கள்.

வெளியூர்ச் சொந்தங்களுக்கு அனுப்பும்போது வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் அது சுருக்கிவிடும், டாக்குமெண்ட் என்ற வழியில் அனுப்புங்கள். ஒரு நகல் லேப்டாப்பில், ஒரு நகல் தனி ஹார்டு டிஸ்க்கில், முடிந்தால் இன்னொன்று சிங்கப்பூரில் இருப்பவர்களிடம். இத்தனையும் ஆன பிறகும் கார்டை அழிக்காமல், லாக் போட்ட நிலையிலேயே ஒரு சின்ன டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வைத்துவிடுங்கள், கேமராவில் இருக்கும் பேட்டரியை மறக்காமல் கழற்றிவிடுங்கள்.