வேகம் எடுத்ததும் ஃபிஷ் ஃபைண்டரில் தரை மறைவது ஏன்?

டர்பனிலிருந்து ஒரு தம்பி எழுதியிருக்கிறார்: "அண்ணா, ஸ்கி போட்டில் (அலையைத் தாண்டிக் கடலுக்குப் போகும் சின்ன மீன்பிடிப் படகு) புதுசாக ஃபிஷ் ஃபைண்டர் மாட்டினேன். படகு நின்றால் தரை தெளிவாகத் தெரிகிறது. வேகம் எடுத்தால் திரை முழுக்கப் புள்ளி புள்ளியாகி தரை காணாமல் போகிறது. அலை உடைகிற இடத்தைத் தாண்டும்போதும் அப்படியேதான். மெஷினை மாற்றணுமா?"

மாற்றாதீர்கள் தம்பி. நின்றால் தெரிகிறது என்கிறீர்களே, அப்படியென்றால் மெஷின் நன்றாகத்தான் இருக்கிறது, வழியை மறிப்பது காற்றுக்குமிழி.

ஃபிஷ் ஃபைண்டர் தண்ணீருக்குள் ஒலியை அனுப்பி, திரும்பி வரும் எதிரொலியை வைத்துத்தான் தரையையும் மீனையும் காட்டுகிறது. கடல்நீரில் ஒலி நொடிக்குச் சுமார் 1,500 மீட்டர் ஓடும், காற்றில் 340தான். 30 மீட்டர் ஆழத்துத் தரையைத் தொட்டுத் திரும்ப 0.04 நொடி போதும். தண்ணீரை அழுத்தினால் அது சுருங்காமல் அந்த அழுத்தத்தை அப்படியே அடுத்த துளிக்குத் தள்ளிவிடுகிறது, அதனால்தான் இந்த வேகம். குமிழியோ பஞ்சு மாதிரி அமுங்கிவிடும். நூற்றில் ஒரு பங்கு காற்று கலந்தாலே ஒலியின் வேகம் சுமார் 120 மீட்டருக்கு விழுந்துவிடுகிறது, அதாவது வெறும் காற்றில் ஓடுவதைவிடவும் மெதுவாக! எனக்கு இன்றைக்கும் இது வியப்புதான்.

இன்னொன்று, ஒவ்வொரு குமிழிக்கும் அதன் அளவுக்கேற்ற ஒரு சுருதி உண்டு. மின்னார்ட் என்ற விஞ்ஞானி 1933இல் கணக்குப் போட்டுக் காட்டியது இது. ஒரு மில்லிமீட்டர் ஆரமுள்ள குமிழி சுமார் 3,300 ஹெர்ட்ஸில் அதிரும். உங்கள் மெஷின் அனுப்பும் 50 கிலோஹெர்ட்ஸ் ஒலிக்கு அதிர்வது 0.065 மில்லிமீட்டர் ஆரமுள்ள குமிழி, 200 கிலோஹெர்ட்ஸுக்கு 0.016 மில்லிமீட்டர். கண்ணுக்கு எளிதில் தெரியாத அந்தப் பொடிக் குமிழிகள்தான் உங்கள் ஒலியை வாங்கித் தின்றுவிட்டு மிச்சத்தை நாலாபக்கமும் சிதறடிக்கின்றன. பெரிய குமிழி சட்டென்று மேலே போய்விடும், பொடிசு தண்ணீரிலேயே தங்கிவிடும். அலை உடையும் இடத்தில் இதற்கு வைத்தியமே இல்லை, நுரையைத் தாண்டிப் போய்த்தான் பார்க்க வேண்டும்.

வேகத்தில் மறைவதைச் சரி செய்யலாம். உங்களுடையது இரட்டை அடிப்படகு என்றால், நடுவிலுள்ள குகைப் பகுதியில் டிரான்ஸ்டியூசரை (ஒலியை அனுப்பி எதிரொலியை வாங்கும் பாகம்) வைக்கவே கூடாது, வேகத்தில் அங்கே முழுக்க நுரைதான். ஒரு பக்கத்து அடியின் பின்பலகையில், புரொப்பெல்லரிலிருந்து சுமார் 40 சென்டிமீட்டர் தள்ளி, முன்னால் விளிம்போ திருகோ துருத்தாத இடமாகப் பார்த்து, அடிமட்டத்துக்குச் சில மில்லிமீட்டர் கீழே இறக்கி மாட்டுங்கள். துளைபோட மனசில்லாமல் உள்ளேயே எப்பாக்ஸியில் ஒட்டுவதானால், அந்த இடம் ஃபோம் இல்லாத கெட்டி ஃபைபராக இருக்க வேண்டும், பசைக்குள் ஒரு குமிழிகூட மாட்டக்கூடாது. கெயினை (எதிரொலியைப் பெரிதாக்கும் அளவை) கூட்டிப் பார்க்கலாமா என்று தோன்றும், வேண்டாம், குமிழியின் இரைச்சலும் சேர்ந்தே கூடும். மாட்டிய பிறகு அமைதியான நாளில் வேகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி, எந்த வேகத்தில் தரை போகிறது என்று குறித்துவைத்து, அதைப் பார்த்து மேலும் கீழும் நகர்த்துங்கள்.

அப்புறம், மீனைக் காட்டிக்கொடுப்பதும் ஒரு குமிழிதான், அதன் வயிற்றுக்குள் இருக்கும் காற்றுப்பை. ஜூன், ஜூலையில் சார்டின் கூட்டம் திரையில் அடர்த்தியாகத் தெரிவது அதனால்தான். ஆனால் நாம் இங்கே கூட்டா என்கிற வஞ்சிரத்துக்குக் காற்றுப்பை கிடையாது, அது அடியில் ஓடினாலும் திரையில் மங்கலாகத்தான் விழும். அதனால் கூட்டாவுக்குப் போகும்போது வஞ்சிரத்தின் கோட்டைத் தேடாமல் அது துரத்துகிற பொடிமீன் கூட்டத்தைத் தேடுங்கள்.