பழைய போன் வாங்க வேண்டாம், தங்கச்சி

லண்டன் ஈஸ்ட்ஹாமில அறை எடுத்து ட்யூபில, அதான் நிலத்தடி ரெயினில, வகுப்புக்குப் போய்வாற தங்கச்சி, "லண்டன் ரெயினில போன் பறிக்கிறாங்களாம், பழைய போன் ஒண்டு வாங்கிக்கொண்டு திரியட்டோ அக்கா?" எண்டு கேட்டிருந்தீங்கள். வேண்டாம். பழைய போனுக்குப் பாதுகாப்பு அப்டேட் நிண்டுபோயிருக்கும், சில பாங்க் ஆப்பும் ஓடாது.

நான் இங்க வந்தது 2007இல. 2019 மாசியில, காலமை வேலைக்குப் போகேக்க, அம்மாவோட வாட்ஸ்அப்பில கதைச்சுக்கொண்டு கதவடியில நிண்டனான். பிளாஸ்டோ ஸ்டேஷனில கதவு மூடப்போற பீப் சத்தம் கேட்டுது, அதோட ஒரு கை வந்துது. போன் பிளாட்பாரத்தில, நான் உள்ளுக்க. அவன் ஓடவும் இல்லை, கதவுதான் பூட்டியாச்சே!

அடுத்த ஸ்டேஷன் வெஸ்ட்ஹாமில இறங்கினன். காலமை உள்ள வரேக்க ரெயின் காசுக்குக் கேட்டில தட்டினதும் அதே போனாலதான், வெளியில போகவும் அதைத்தான் தட்டோணும், அதால கேட் திறக்கேல்ல. அங்க வேலை செய்யிற ஒருத்தர் பாவம் பார்த்துத் திறந்துவிட்டார். வெளியில பஸ் நிக்குது, கையில 10 பவுண்ஸ் தாள் இருக்குது. ஆனா லண்டன் பஸ்ஸில 2014 ஆடியோட காசு வாங்கிறதை நிப்பாட்டிட்டாங்கள். ஆருக்கும் அடிப்பமெண்டா எனக்குப் பாடமா இருந்த ஒரே நம்பர் யாழ்ப்பாணத்தில அம்மா வீட்டு லைன். கிட்டத்தட்ட ஒரு மணித்தியாலம் நடந்துதான் வீட்ட வந்தன்.

அதால முதல் வேலை: ஒரு ஒய்ஸ்டர் கார்டோ (பஸ், ரெயினுக்குக் காசு போட்டுத் தட்டுற கார்ட்) பாங்க் கார்டோ போன் கவருக்குள்ள இல்லாம வேற பொக்கற்றில இருக்கட்டும். லண்டனில இருக்கிற ஒராளின்ர நம்பரையாவது பாடமாக்குங்கோ.

உங்களுக்கு என்னைவிடச் சிக்கல் கூட. எங்கட காலத்தில விசாவுக்கு ஒரு கார்ட் இருந்தது. இப்ப எல்லாம் இ-விசா, கையில கார்ட் இல்லை, ஒன்லைன் அக்கவுண்டிலதான் விசா இருக்கும். அந்த அக்கவுண்டுக்குள்ள போறதுக்கு வாற கோட் நம்பர் உங்கட போனுக்கோ ஈமெயிலுக்கோதான் வரும். ஈமெயிலும் அந்தப் போனில மட்டும் திறந்திருந்தா வீடு வாடகைக்குத் தாறவருக்கும் வேலைக்கும் விசாவைக் காட்ட உங்களிட்ட ஒண்டும் மிஞ்சாது. இண்டைக்கே லாப்டொப்பிலயும் ஈமெயிலைத் திறந்து வையுங்கோ.

ரெயினில கதவுக்குப் பக்கத்துச் சீட்டை விடுங்கோ. அந்தப் பீப் கேக்கேக்க போன் பைக்குள்ள இருக்கோணும். பின் பொக்கற், ஜிப் இல்லாத கோட் பொக்கற் ரெண்டும் கூடாது. சனநெரிசலில முதுகுப் பையை முன்னுக்குப் போடுங்கோ, வெட்கப்பட ஒண்டுமில்லை. ஆனா என்னைக் கேட்டா ரெயினைவிட ஸ்டேஷன் வாசல்தான் மோசம். வெளியில வந்து மேப் பார்த்துக்கொண்டு ரோட்டோரம் நிப்பீங்கள், மின்சாரச் சைக்கிளில வாறவன் பறிச்சுக்கொண்டு போயிடுவான். மேப்பைக் கேட்டுக்கு உள்ளயே நிண்டு பாருங்கோ.

உங்களிட்ட ஐபோனா? 2024 தையில வந்த ஐஓஎஸ் 17.3 எண்ட ஐபோன் அப்டேட்டில இருந்து, களவுபோன போனுக்கெண்டே ஒரு பாதுகாப்பு செட்டிங்ஸில இருக்கு. அதைப் போட்டா, பின் நம்பர் தெரிஞ்சவனும் வெளியில நிண்டு ஆப்பிள் பாஸ்வேர்டை மாத்தேலாது, முகம் காட்டி ஒரு மணித்தியாலம் காக்கோணும். கன ஆண்ட்ராய்டிலயும் பறிச்சுக்கொண்டு ஓடுற அசைவைப் பிடிச்சுத் தானா லொக் ஆகிற வசதி வந்திட்டுது. சிம்முக்கும் பின் போடுங்கோ, இல்லாட்டி சிம்மைக் கழட்டி வேற போனில போட்டு உங்களுக்கு வாற பாங்க் கோட் நம்பரை அவன் எடுப்பான். அதுக்கு முதல் சிம் கொம்பனி போட்டிருக்கிற ஆரம்பப் பின் நம்பர் என்னெண்டு பாருங்கோ, மூண்டு தரம் பிழைச்சா சிம் பூட்டிப்போடும். *#06# அடிச்சா வாற ஐஎம்இஐ நம்பரை, அதான் உங்கட போனின்ர அடையாள நம்பரை, ஒரு கொப்பியில எழுதி வையுங்கோ.

பறிபோனாத் துரத்தாதேங்கோ. அந்த நேரமே ஆபத்தெண்டா 999. இல்லாட்டி, ரெயினிலயும் ட்யூபிலயும் நடந்ததுக்கு பிரிட்டிஷ் போக்குவரத்துப் பொலிசுக்கு 61016இல மெசேஜ், பஸ்ஸில எண்டா 101. அவை தாற முறைப்பாட்டு நம்பரை இன்சூரன்ஸ் கேக்கும். அதோட சிம்மையும் ஐஎம்இஐயையும் மறிக்கச் சொல்லி கொம்பனிக்கும், பிறகு பாங்குக்கும் அடியுங்கோ.

எனக்கு ரெண்டு கிழமையால ஒரு மெசேஜ் வந்தது. போன் கிடைச்சிட்டுதாம், லிங்கில ஆப்பிள் பாஸ்வேர்டைப் போடட்டாம். அழகான இங்கிலீஷ், கிட்டத்தட்ட போட்டேவிட்டன். அது பாஸ்வேர்டைப் பிடுங்கக் கள்ளர் வைக்கிற பொறி. உங்களுக்கும் வந்தா அழியுங்கோ. களவுபோன போனை உங்கட ஆப்பிள் அக்கவுண்டில இருந்து மட்டும் எடுத்துப்போடாதேங்கோ, எடுத்தா அதை அவன் புதுப்போன் மாதிரி வித்துப்போடுவான்.